கியூப், கோஹெரன்ஸ், பான்டிபூல்: காசில்லாத பயத்தில் எது தேறும்?

"அந்தப் படத்துல ஒண்ணுமே காட்டமாட்டான்" என்று ஒருவர் திட்டுவார். அதே காரணத்துக்காக இன்னொருவர் அதே படத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார். குறைந்த செலவில் எடுத்த அறிவியல் திகில் படங்களைப் பற்றிக் கோலாலம்பூரில் நான் கேட்ட வாக்குவாதம் எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வரும். செந்தூலில் ஒரு நண்பர் வீட்டு ஹாலில் சனிக்கிழமை இரவுகளில் இந்த மாதிரிப் படங்களைப் போடுவோம். பார்க்க வருகிறவர்கள் கொலிசியம் தியேட்டரில் முதல் நாள் முதல் காட்சிக்கு விசிலடித்து வளர்ந்தவர்கள். படம் முடிந்ததும் கீழே மாமாக் கடையில் தே தாரிக்கோடு பஞ்சாயத்து தொடங்கும். அங்கே அதிகமாக அடிபட்ட மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றிலும் ஆட்கள் ஒரு கூரைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். பேய் கிடையாது, வேற்றுக்கிரகத்து ஜந்து கிடையாது, நட்சத்திர நடிகர் கிடையாது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் பணம் இல்லை என்று எங்கள் கூட்டத்தில் யாரும் கோபப்பட்டதில்லை. அந்த இல்லாமையைக் கதைக்குள் எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதில்தான் ஆள் ஆளுக்குப் பிரிகிறார்கள்.

முதலில் கியூப். 1997இல் வந்த கனடாப் படம். இயக்குநர் வின்சென்சோ நட்டாலிக்கு முதல் முழுநீளப் படம். கனடியத் திரைப்பட மையம் புது இயக்குநர்களுக்காக நடத்திய திட்டத்தில், கனடிய டாலரில் ஏறத்தாழ மூன்றரை லட்சத்துக்குள் எடுத்து முடித்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாத சிலர் ஒரு கனசதுர அறைக்குள் வந்து சேர்கிறார்கள். ஆறு பக்கமும் கதவு. எந்தக் கதவைத் திறந்தாலும் அப்பால் அதே மாதிரி இன்னொரு அறை. சில அறைகளில் ஆளைக் கொல்லும் பொறி இருக்கிறது. யார் கட்டினார்கள், எதற்காக என்று ஒருவருக்கும் தெரியாது.

கதையின் கணக்குப்படி ஒரு பக்கத்துக்கு 26 அறை, மொத்தம் 17,576 அறை. படக்குழுவின் கையில் இருந்ததோ 14 அடிக்கு 14 அடியில் ஒரே ஒரு முழு அறை, அடுத்த அறை தெரிய வேண்டிய காட்சிகளுக்கு இன்னொன்றின் துண்டு. சுவர்ப் பலகைகளைக் கழற்றி வேறு நிறத்தை மாட்டினால் புது அறை. நிறம் மாற்ற நேரம் பிடித்ததால் ஒரே நிறத்தில் வரும் காட்சிகளை எல்லாம் சேர்த்து எடுத்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போனார்கள். ஆறு நிறம் வைக்கத்தான் திட்டம். ஆறாவதுக்குக் காசு போதவில்லை, ஐந்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு இன்னொரு தடவை பார்த்தால் படம் இன்னும் பிடிக்கிறது. எல்லா அறையும் ஒரே மாதிரி இருப்பதுதான் அந்த ஆட்களுக்குப் பைத்தியம் பிடிக்கக் காரணம். தயாரிப்பாளருக்கு மிச்சம், பாத்திரங்களுக்கு நரகம்.

எங்கள் கூட்டத்தில் இந்தப் படத்தைப் பாராட்டாதவர் குறைவு. முதல் சில நிமிடங்களில் ஒருவருக்கு நடப்பதைப் பார்த்ததும் ஹாலில் பேச்சு நின்றுவிடும். கடைசி வரிசையில் கைப்பேசி நோண்டுகிறவர்கூட நிமிர்ந்து உட்காருவார். திகில் படத்துக்கு இது பெரிய பலம். அதற்கப்புறம் எந்தக் கதவு திறந்தாலும் நாமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

குறை சொல்கிறவர்கள் மூன்று வகை. முதல் வகைக்கு நடிப்பு ஒத்துவராது. எல்லாரும் எந்நேரமும் கத்துகிறார்கள், போலீஸ்காரராக வருகிறவர் மாறும் விதம் சீரியல் வில்லன் மாதிரி இருக்கிறது என்பார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இரண்டாவது வகை கணக்கு ஆசிரியர்கள். அறைகளுக்கு இடையில் மூன்றிலக்க எண்கள் பொறித்திருக்கும். பகா எண் இருந்தால் பொறி என்று ஒரு மாணவி கண்டுபிடிக்கிறாள். அது வரைக்கும் சரி. பிற்பாதியில் அந்த எண்களைக் காரணிப்படுத்துவது மனித மூளைக்கு எட்டாத வேலை என்பதுபோல அவளே மலைத்து நிற்கிறாள். மூன்றிலக்க எண்ணுக்கு 31 வரை உள்ள 11 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த டியூசன் வாத்தியார் ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு. அவரோடு உட்கார்ந்து படம் பார்க்காதீர்கள்.

மூன்றாவது வகையின் குறைதான் எனக்குக் கனமாகப் படுகிறது. அந்தக் கணக்கைப் போட்டுத் தருகிறவர் ஆட்டிசம் உள்ள ஒரு பாத்திரம். அவரை மனிதராகப் பார்க்காமல் கால்குலேட்டர் மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தோழி கோபப்பட்டாள். 1997இல் இது கண்ணை உறுத்தியிருக்காது. இன்றைக்கு உறுத்துகிறது. படத்தின் வேகம் அதை மறக்க வைக்கிறது என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அடுத்து கோஹெரன்ஸ். 2013இல் முதலில் திரையிடப்பட்ட அமெரிக்கப் படம், இயக்கம் ஜேம்ஸ் வார்ட் பிர்கிட். செலவு 50,000 டாலர். நம்ம காசில் இன்றைக்கு இரண்டு லட்சம் வெள்ளி அளவில் வரும், கே.எல்.லில் ஒரு பழைய ஃபிளாட் வாங்கும் பணம். இயக்குநர் தன் சொந்த வீட்டிலேயே ஐந்து இரவுகளில் எடுத்துவிட்டார். முழுத் திரைக்கதை நடிகர்கள் கையில் கிடையாது. அன்றன்றைக்கு அவரவருக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார், உன் பாத்திரம் இதைச் சொல்ல வேண்டும், இதை மறைக்க வேண்டும் என்று. மற்றவருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அதனால் திரையில் அவர்கள் திடுக்கிடும்போது பாதி நிஜமாகவே திடுக்கிடுகிறார்கள்.

கதை எளிது. எட்டு நண்பர்கள் இரவு விருந்துக்குக் கூடுகிறார்கள். வானத்தில் ஒரு வால்நட்சத்திரம் கடந்து போகிறது. கரன்ட் போகிறது. தெருவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம் தெரிகிறது. இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லக்கூடாது. ஆனால் அதற்கப்புறம் யார் வெளியே போனாலும், திரும்பி வருகிறவர் போனவர்தானா என்ற சந்தேகம் நம்மை விடாது. ஒரு வீட்டுக்கே காசு இருந்த ஆள், அந்த ஒரே வீட்டை வைத்துப் பல வீடுகளின் கதையைச் சொன்னதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். வெளியே போகிற காட்சி எல்லாம் கும்மிருட்டு. தெருவுக்கு விளக்குப் போடும் செலவும் மிச்சம்.

இந்தப் படத்துக்கு எங்கள் ஹாலில் கிடைத்த வரவேற்பு மோசம். காரணம் படம் மட்டும் என்று சொல்லமாட்டேன். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் வெட்டுகிறார். கீழே ஓடும் சப்டைட்டிலுக்கு இரண்டு வரிதான் இடம். யார் சொன்னது எது என்று பிரிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். முக்கியமான துப்பு எல்லாம் இந்தச் சலசலப்புக்குள்தான் ஒளிந்திருக்கிறது: யார் கையில் நீல ஒளிக்குச்சி, யார் கையில் சிவப்பு, பெட்டிக்குள் இருந்த புகைப்படத்தின் பின்னால் என்ன எண், எந்தக் கைப்பேசியின் கண்ணாடி உடைந்தது. ஒரு மாமா பாதியில் எழுந்து, "என்னடா இது, சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்று போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. முதல் இருபது நிமிடம் பழைய காதல், வேலை, பொறாமை என்று வசதியான அமெரிக்கர்களின் வீட்டுப் பேச்சுதான். கேமராவும் கையில் பிடித்தபடி ஆடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் தனியாக, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பார்த்தவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு மூன்றில் முதலிடம் இதற்குத்தான். பார்த்த கையோடு முதலிலிருந்து மறுபடி போட்டவர்கள் உண்டு. தாளில் அட்டவணை போட்டு எந்த நேரத்தில் யார் எந்த வீட்டில் என்று கணக்கெடுத்த ஒரு தம்பி இருக்கிறான். பெட்டியைத் திறக்கும்வரை உயிரோடும் செத்தும் இருப்பதாகச் சொல்லப்படும் ஷ்ரோடிங்கரின் பூனை என்ற இயற்பியல் கற்பனைச் சோதனை பற்றிப் படத்தில் ஒரு விளக்கம் வரும். அது அரைகுறை என்று அறிவியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். பாத்திரங்களே அரைகுறையாகத் தெரிந்துவைத்திருக்கிறவர்கள்தானே, அதனால் எனக்கு அது இடிக்கவில்லை. என்னைப் பயமுறுத்தியது இயற்பியல் கிடையாது. தன் வாழ்க்கையைவிடப் பக்கத்து வீட்டில் இருக்கும் தன் வாழ்க்கை நன்றாக இருக்கிறதே என்று ஒருத்தி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான்.

மூன்றாவது பான்டிபூல். 2008, மறுபடியும் கனடா, இயக்கம் புரூஸ் மெக்டொனால்ட். இந்த மூன்றில் இதைப் பார்த்தவர்கள் குறைவு, ஆனால் மலேசியத் தமிழர்கள் பார்க்க வேண்டிய படம் இதுதான் என்று நான் வாதாடுவேன். மின்னல் எஃப்எம்மும் ராகாவும் காலையில் எழுப்பிவிட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்தப் படம் கிட்டத்தட்ட முழுக்க ஒரு சின்ன ஊரின் வானொலி நிலையத்துக்குள், தேவாலயத்தின் அடித்தளத்தில் நடக்கிறது. பனி கொட்டும் காலை. வாய்க்கொழுப்பு பிடித்த ஓர் அறிவிப்பாளர், அவரை அடக்கப் பார்க்கும் தயாரிப்பாளர், ஒரு தொழில்நுட்பப் பெண். வெளியே ஊர் மக்கள் வெறிபிடித்து ஆளை ஆள் கடிக்கிறார்கள் என்று தொலைபேசியில் செய்தி வருகிறது. நாம் பார்ப்பது அறிவிப்பாளராக நடிக்கும் ஸ்டீபன் மெக்ஹாட்டியின் முகத்தையும் மைக்கையும்தான்.

போக்குவரத்து நிலவரம் சொல்கிறவர் ஹெலிகாப்டரில் பறப்பதாக நிலையம் நேயர்களை நம்பவைத்திருக்கிறது. உண்மையில் அவர் ஒரு குன்றின்மேல் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். ஹெலிகாப்டர் சத்தத்தை நிலையத்தில் பின்னணியில் போடுகிறார்கள். நிலையத்துக்கும் ஹெலிகாப்டருக்குக் காசில்லை, படத்துக்கும் இல்லை. அந்த ஆள் காரிலிருந்து வெளியே பார்ப்பதை விவரிக்கும் சில நிமிடங்களுக்குக் கியூபின் எல்லாப் பொறிகளையும் விட்டுக்கொடுப்பேன்.

நோய் எப்படிப் பரவுகிறது என்பதுதான் படத்தின் அறிவியல் கற்பனை: காற்றில் இல்லை, கடியில் இல்லை, ஆங்கிலப் பேச்சில். தப்பிக்க அவர்கள் பிரெஞ்சுக்குத் தாவுகிறார்கள், அதுவும் தட்டுத்தடுமாறி. இதைக் கேட்டதும் எங்கள் ஹால் கொல்லென்று சிரித்தது. தமிழில் ஆரம்பித்து மலாயில் திரும்பி ஆங்கிலத்தில் முடிக்கிற நம்மை இந்தக் கிருமி எந்தப் பக்கம் பிடிக்கும் என்று மாமாக் கடையில் ஒரு மணி நேரம் ஓடியது. கடைக்காரரே வந்து கலந்துகொண்டார்.

ஆனால் பிற்பாதி இறங்கிவிடுகிறது. ஒரு மருத்துவர் உள்ளே வந்து எல்லாவற்றையும் விளக்கத் தொடங்குகிறார். காதால் கேட்டதெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றதும் பயம் பாதி போய்விட்டது. நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும் விதத்தைப் பாதிப் பேர் கவிதை என்றார்கள், பாதிப் பேர் கிறுக்குத்தனம் என்றார்கள். நான் இரண்டாவது பாதி.

விளக்கம் விஷயத்தில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சுவாரசியமாக இருக்கிறது. கியூப் எதையும் விளக்காது. யார் கட்டினார் என்ற கேள்விக்கு அது தரும் பதில், கட்டியவருக்கே தெரியாது என்கிற அளவில்தான். எங்கள் ஊர் அலுவலகங்களில் ஒரு பாரத்துக்கு நாலு கவுன்டர் ஏறி இறங்கியவர்களுக்கு இது உடனே புரிந்தது. கோஹெரன்ஸ் கொஞ்சம் விளக்கிவிட்டு மீதியை உங்களிடம் விட்டுவிடும். பான்டிபூல் விளக்கி விளக்கியே சிக்கிக்கொள்கிறது. முடிவு தெளிவாக வேண்டும் என்கிறவர்களுக்கு மூன்றும் ஏமாற்றம்தான். அவர்கள் வேறு படம் போட்டுக்கொள்ளலாம், வருத்தமில்லை.

சத்தத்தைப் பொறுத்தவரை பான்டிபூலை மற்ற இரண்டும் தொட முடியாது. நடிப்பில் கோஹெரன்ஸ் முன்னால் நிற்கிறது, கியூப் வெகு பின்னால். மறுபடி பார்க்கத் தூண்டுவதிலும் கோஹெரன்ஸ்தான். கூட்டத்தைக் கட்டிப்போடுவதில் கியூபுக்குப் போட்டியே இல்லை. ரத்தம் பார்த்தால் ஆகாதவர்கள் கியூபின் தொடக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும்; கோஹெரன்ஸில் அந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

சரி, ஒன்றே ஒன்று என்றால்? பத்துப் பேர் கூடும் வீடாக இருந்தால், நடிப்புக் குறையோடு சேர்த்தே, கியூபைப் போடுவேன். தமிழ்ப் படம் எடுக்க வேண்டும் என்று கையில் கொஞ்சம் காசும் நாலு நண்பர்களும் வைத்திருக்கிற பையன் கேட்டால் கோஹெரன்ஸ். வீடு, இரவு, துண்டுச் சீட்டு, இதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தேவையில்லை. பான்டிபூலை மட்டும் டிவியில் போடாமல் இரவில் காடியில் நெடுஞ்சாலையில் போகும்போது பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் ஓடவிட்டு, ஓட்டுகிறவர் காதால் மட்டும் கேட்கலாம். கோலாலம்பூரிலிருந்து வடக்கே கிளம்பினால் தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள் முதல் பாதி முடிந்துவிடும், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.