கெடெற், கம்பஸ், கல்வியியற் கல்லூரி: கையெழுத்து வைக்கும் முன்

ஏ.எல் (உயர்தர) பெறுபேறு வந்ததும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இப்போது இடைக்கிடை ஒரு கேள்வி காதில் விழுகிறது. “கொத்தலாவலவில கெடெற்றா எடுத்தால் படிப்பு, சாப்பாடு எல்லாம் சும்மாவாம். சம்பளமும் குடுக்கினமாம். போட்டுப் பார்ப்பமோ சேர்?” முந்தி என்றால் வன்னியில் இதை வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்பதில் தப்பில்லை. காசு எவ்வளவு வரும் என்பதை விட, பிறகு விலக நினைத்தால் என்ன நடக்கும் என்பதை வைத்துத்தான் கெடெற், கம்பஸ் (அரச பல்கலைக்கழகம்), ஆசிரியர்களை உருவாக்கும் கல்வியியற் கல்லூரி என்ற வழிகளை நான் ஒப்பிடுவேன்.

முதலில் கெடெற் வழி, அதாவது படை அதிகாரியாகப் போகும் மாணவராய்ப் படிப்பது. கொத்தலாவல என்றால், இரத்மலானையில் முன்னாள் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல கொடுத்த காணியில், 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் பாதுகாப்புப் பல்கலைக்கழகம் அது. பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருகிறது. காசு கட்டிப் படிக்கும் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். அது வேறு வாசல். கெடெற்றாகப் போனால் மருத்துவம், பொறியியல், சட்டம் என்று எதைப் படித்தாலும் கட்டணமில்லை. தங்குமிடம், சாப்பாடு, சீருடை, மாதப் படி எல்லாம் உண்டு. படிப்பு முடிய முப்படைகளில் ஒன்றில் அதிகாரி. வேலை கேட்டு வீதியில் நிற்கும் பட்டதாரிகளைக் கண்ட தாய்க்கு இது சின்ன விஷயமில்லை.

நுழைவது லேசில்லை. உடற்தகுதி பார்ப்பார்கள், நேர்முகம் இருக்கும், கலியாணம் ஆகியிருக்கக் கூடாது. படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். எங்களுக்குப் பெரிய இழப்பு இன்னொன்று: மாவட்டக் கோட்டா அங்கே செல்லாது. அரச பல்கலைக்கழக அனுமதியில் கலைப்பிரிவு தவிர்ந்த துறைகளுக்கு 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு எல்லாம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளைக்குப் போதாத இசட் ஸ்கோர் (ஏ.எல் புள்ளிகளை ஒப்பிடக் கணிக்கும் அளவு) முல்லைத்தீவுப் பிள்ளைக்குப் போதும். கையில் இருக்கும் இந்தச் சலுகையை விட்டுவிட்டுப் போவதென்றால் இரண்டு தரம் யோசிக்கத்தான் வேண்டும்.

விலகுவதற்கு வருவோம். படையில் விலகல் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வரமுடியாது, அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வந்தால் தப்பியோடியவர் என்று பெயர். பொதுமன்னிப்புக் காலம் அறிவிப்பதும், அது முடிந்த கையோடு ஆட்களைத் தேடிப் பிடிப்பதும் இந்த நாட்டில் பழகிப்போன செய்தி. பத்தொன்பது வயதில் வைக்கும் கையெழுத்து முப்பது வயது ஆளையும் கட்டும்.

இந்த முறைக்குப் பேர்போன அமெரிக்காவில்கூட ஒரு மூச்சுவிடும் இடம் வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழக மாணவரைப் படை அதிகாரியாக்க 1916 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கிய ஆர்.ஓ.டி.சி. திட்டத்தில் நான்கு வருடப் புலமைப்பரிசில் பெறும் மாணவர், முதல் வருடம் முடிந்ததும் கடப்பாடு எதுவும் இல்லாமல் விலகலாம். அதற்குப் பிறகு விலகினால்தான் காசைத் திருப்பிக் கட்டு, இல்லையென்றால் சேவை செய் என்பார்கள். பட்டத்துக்குப் பிறகு மொத்தம் எட்டு வருடக் கடப்பாடு. பெரும்பாலும் அதில் நான்கு முழுநேரம். 1944 இல் வந்த ஜி.ஐ. சட்டம் இதற்கு நேர்மாறு: முதலில் சேவை, பிறகு படிப்புச் செலவு. என்னைக் கேட்டால் அந்த ஒழுங்குதான் நியாயம். கடனை முதலே அடைத்துவிட்டுப் படிக்கலாம்.

எங்கள் மண்ணில் இன்னொன்றும் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 முதல் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வீதியோரங்களில் இருக்கிறார்கள். அண்ணனின் படத்தோடு அம்மா பந்தலில் இருக்க, தம்பி அதே படையில் அதிகாரியாவது ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும்? வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று புலிகள் இயக்கம் கட்டாயமாகக் கொண்டுபோன காலத்தையும் கண்ட சனம் இது. துவக்குத் தூக்கும் எந்த ஒப்பந்தத்தையும் சந்தேகமாகப் பார்ப்பதில் அவர்களைக் குறைசொல்ல முடியாது. 2021 இல் கொத்தலாவலப் பல்கலைக்கழகத்துக்கான சட்டமூலத்தை எதிர்த்துப் போராடிய ஆசிரியர் சங்கத் தலைவர்களை, தனிமைப்படுத்தல் என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்ததும் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில்தான். படை பிடித்த காணியைத் திருப்பிக் கேட்டுச் சனம் போராடிய அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கம்பஸ் வழி எல்லாருக்கும் தெரிந்தது. பம்பைமடுவில் 2021 இலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகம் தனியாக இயங்குகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள். கட்டணமில்லை, கட்டும் ஒப்பந்தமும் இல்லை. குறை காசில்தான். மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. அதுவும் பிந்தித்தான் வரும், எல்லாருக்கும் கிடைக்காது. போக்குவரத்து, போட்டோகொப்பி, சாப்பாடு என்று பார்த்தால் அந்தக் காசு மாதக் கடைசிவரை தாங்காது. மிச்சத்தை வீடுதான் பார்க்கவேண்டும்.

கல்வியியற் கல்லூரியும் ஒப்பந்தத்தோடுதான் வருகிறது. வவுனியா பூந்தோட்டத்தில் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் உள்ளகப் பயிற்சி, பிறகு அரச ஆசிரியர் நியமனமும் கட்டாய சேவையும். பட்டம் இல்லை, டிப்ளோமா; பட்டத்தைப் பிறகு எடுக்கலாம். பிணைமுறியில் கையெழுத்து வைக்க ஆள் தேடுவது ஒரு தொல்லை. ஆனால் இடையில் விட்டால் பிரச்சினை காசோடு முடிகிறது. வீட்டுக்குத் தேடி ஆள் வருவதில்லை. அதோடு அந்தச் சேவை எங்கள் பிள்ளைகளுக்கே. கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்கள் துணுக்காயிலும் மாந்தை கிழக்கிலும் இருக்கின்றன.

பாதுகாப்புக் காசு எப்படி ஆளைக் கட்டும் என்பதற்கு அமெரிக்கா வரை போகவும் தேவையில்லை. சிவில் பாதுகாப்புத் திணைக்களம் வன்னியில் முன்பள்ளி ஆசிரியைகளை எடுத்தபோது, பக்கத்து முன்பள்ளி ஆசிரியையை விடப் பல மடங்கு சம்பளம் கொடுத்தது. அந்தச் சம்பளத்தை நம்பி லோன் எடுத்து வீடு கட்டியவர்கள், வேலை பிடிக்காவிட்டாலும் விடமுடியாமல் இருந்தார்கள். நான் குறைசொல்வது அவர்களையல்ல. பக்கத்து முன்பள்ளிக்கு அரைவாசியாவது கொடுத்திருந்தால் காசு ஆளைக் கட்டியது என்ற பேச்சே வந்திருக்காது.

வட்டியில்லாக் கடனில் தனியார் நிறுவனத்தில் படிக்கும் வழியும் இருக்கிறது. வேலை உறுதியில்லாத பட்டத்துக்குக் கடன் வாங்குவதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

ஆக, இசட் ஸ்கோர் பொருந்துமென்றால் கம்பஸ். கொஞ்சம் குறைந்து, படிப்பிக்கும் விருப்பமும் இருந்தால் பூந்தோட்டம். மருத்துவத்துக்குச் சின்னப் புள்ளியில் தவறி, ஆங்கிலமும் கைவந்து, சீருடை வாழ்க்கையையே விரும்பும் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். அந்தப் பிள்ளை கெடெற்றுக்குப் போடட்டும். ஆனால் ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கி, சேவைக்காலம் எத்தனை வருடம், விலகினால் எவ்வளவு என்ற இரண்டு வரியையும் அம்மா அப்பாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகு.