வீடியோவில் டாக்டரா, நேரில் பாலிகிளினிக்கா?

தண்டுவடம் அடிபட்ட முன்னாள் ராணுவத்தினர் இருக்கும் வீடுகளில் அடிக்கடி வரும் குழப்பம் இது. படைவீரர்களுக்கான 'சேஹத்' வீடியோ ஆலோசனை 2021 மே மாதம் தொடங்கியது. ஓய்வுபெற்றவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் உண்டு. நேரில் போகும் பாலிகிளினிக்குகளை நடத்தும் இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம்) 2003 முதல் இருக்கிறது.

பயணம்
வீடியோ: படுத்தபடியே பேசலாம்.
நேரில்: வண்டி வேண்டும், தூக்கிவிட ஆள் வேண்டும்.

படுக்கைப்புண்
வீடியோ: திறந்த புண் ஆறுகிறதா என்று வாராவாரம் காட்டலாம்.
நேரில்: புண் தொடங்கும் கட்டத்துக்கு இதுதான் சரி. நம் மாநிறத்தில் சிவப்பு கேமராவில் தெளிவாகத் தெரியாது. சூட்டையும் கெட்டித்தன்மையையும் தொட்டுத்தான் அறிய முடியும். இந்த ஒன்றில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

சிறுநீர் வெளியேற்றும் குழாய் (கதீட்டர்)
வீடியோ: நீங்கள் குழாய் செருகும் முறையைப் பார்த்துத் திருத்துவார்கள்.
நேரில்: காய்ச்சல், கலங்கிய சிறுநீர் என்றால் பரிசோதனை தேவை.

கவனிப்பவர்
வீடியோ: அப்பாவைத் தூக்கித் தூக்கி அம்மாவுக்கு வந்த முதுகுவலியையும் கேட்கலாம். நேரில் போகும்போது அவரை யாரும் விசாரிப்பதில்லை.

மருந்துச் சந்தேகம், தொடர் கவனிப்பு, தூக்கமில்லாத மனைவியின் கேள்விகள் இவற்றுக்கு வீடியோ போதும். புதுப் புண், காய்ச்சல், கூடிவரும் தசை இறுக்கம் என்றால் நேரில் போங்கள்.

அப்புறம், காயம் நெஞ்சு முதுகெலும்பின் ஆறாவது கணுவிலோ அதற்கு மேலோ இருப்பவருக்குத் திடீரென்று கடும் தலைவலியும் வியர்வையும் வந்தால் இரண்டுக்கும் காத்திருக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, உடையைத் தளர்த்தி, சிறுநீர் வெளியேற்றும் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். உடனே அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள்.