செக்மென்டேஷன் ஃபால்ட்: ஜிடிபியா, வால்கிரைண்டா, அட்ரஸ் சானிட்டைசரா?

சி மொழி பழகுகிறவர்களின் புரோகிராம் மெமரித் தவறால் ('செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று) விழும்போது கைகொடுக்க லினக்ஸில் மூன்று கருவிகள் உண்டு: விழுந்த இடத்தைக் காட்டும் ஜிடிபி, புரோகிராமை ஓட்டி மெமரித் தவறுகளைத் தேடும் வால்கிரைண்ட், கம்பைல் செய்யும்போதே சோதனைகளைச் சேர்த்துவிடும் அட்ரஸ் சானிட்டைசர். எதை எடுத்தாலும் '-ஜி' (-g) சேர்த்து கம்பைல் செய்யுங்கள். இல்லாவிட்டால் வரி எண் வராது. முதலில் எடுக்க வேண்டியது அட்ரஸ் சானிட்டைசர்தான் என்பது என் கட்சி.

எந்த இடத்தையும் சுட்டாத 'நல்' (NULL) பாயின்டரைத் தொட்டு விழுந்ததென்றால் ஜிடிபியே போதும். 'ரன்' (run), அடுத்து 'பிடி' (bt). வரி கிடைத்துவிடும்.

தவறு ஓரிடத்திலும் வெடிப்பு வேறிடத்திலும் இருந்தால்தான் தலைவலி. ஒரு பெயரை நகலெடுக்க, மெமரியில் இடம் வாங்கும் மால்லாக்கில் (malloc) ஸ்டிரிங்கின் நீளத்தை மட்டும் கேட்கிறோம். முடிவிலுள்ள பூஜ்ய பைட்டுக்கு ஒன்று கூட்டவில்லை. பெயர் 5 எழுத்தென்றால் ஒன்றும் ஆகாது. 64 பிட் லினக்ஸில் 5 பைட் கேட்டாலும் 24 பைட் வரை இடம் கிடைக்கிறது. சரியாக 24 எழுத்துப் பெயர் வந்தால், 25ஆவது பைட் மால்லாக் தந்த அடுத்த மெமரித் துண்டின் அளவுக் குறிப்பின் மேல் விழுகிறது. அப்போதும் விழாமல் ஓடி, அந்தத் துண்டை ஃப்ரீ (free) செய்து திருப்பித் தரும்போது ஒரு பிழைச் செய்தியோடு நின்றுவிடலாம். ஜிடிபி காட்டுவது அந்த ஃப்ரீயை. அதன் மேல் ஒரு பிழையும் இல்லை.

ஜிசிசி கம்பைலரில் '-எஃப்சானிட்டைஸ்=அட்ரஸ்' (-fsanitize=address) சேர்த்து சானிட்டைசரை இயக்கினால் நகலெடுக்கும் வரியிலேயே 'ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ' என்று நிறுத்திவிடும். அறிக்கை நீளமாக இருக்கும், மிரள வேண்டாம். உங்கள் ஃபைல் பெயர் முதலில் வரும் வரியைப் பாருங்கள். ஃப்ரீ செய்த இடத்தை மறுபடி தொட்டால், தொட்ட வரி, ஃப்ரீ செய்த வரி, மால்லாக் வரி மூன்றையும் தரும்.

இதையெல்லாம் வால்கிரைண்டும் பிடிக்கும், மறு கம்பைல்கூட வேண்டாம். ஆனால் ஃபங்ஷனுக்குள் அறிவித்த 5 இடமுள்ள அரேயில் லூப் 5ஆம் இன்டெக்ஸைத் தொட்டால் பெரும்பாலும் வாய் திறக்காது. பழகுகிறவர்கள் அதிகம் செய்யும் தவறே அதுதான். சானிட்டைசர் அதையும் சொல்லும். வேகத்திலும் அது சுமார் இரண்டு மடங்குதான் மெதுவாகும். வால்கிரைண்டில் இருபது, முப்பது மடங்கு ஆகலாம்.

மதிப்புத் தராத மாறியைப் படிப்பதில் மட்டும் வால்கிரைண்ட்தான் கெட்டி. சானிட்டைசருக்கு அது தெரியாது. வால்கிரைண்டுக்கு '--ட்ராக்-ஆரிஜின்ஸ்=எஸ்' (--track-origins=yes) கொடுத்தால் அந்த மாறி பிறந்த இடத்தையும் காட்டும். அதற்கு முன் சானிட்டைசர் ஃப்ளாகை எடுத்துவிட்டு கம்பைல் செய்யுங்கள்; இரண்டும் சேர்ந்து ஓடாது. விண்டோஸில் ஜிசிசியைத் தரும் மின்ஜிடபிள்யூ (MinGW) வைத்திருப்பவர்களுக்கு, சானிட்டைசர் ஃப்ளாக் சேர்த்தால் லிங்க் ஆகும்போதே அதன் லைப்ரரியான 'எல்ஏசான்' (-lasan) இல்லை என்று வரும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் (WSL) உபுண்டு போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்.