பாஸ்டன் ஓல்ட் சவுத் மீட்டிங் ஹவுஸ்: தேயிலைக் கதையோடு கிளம்பிவிடாதீர்கள்

பாஸ்டனின் வரலாற்று இடங்களை இணைக்கும் ஃப்ரீடம் டிரெயில் நடைபாதையில் நடப்பவர்களில் நிறையப் பேர் வாஷிங்டன் தெருவும் மில்க் தெருவும் சேரும் முனையில் இந்தச் செங்கல் கட்டடத்தை வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து டிக்கெட் எடுத்து உள்ளே போங்கள். பக்கத்து ஓல்ட் ஸ்டேட் ஹவுஸுக்கும் சேர்த்தே டிக்கெட் கிடைக்கும்.

1729-ல் பியூரிட்டன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபையார் கட்டிய வழிபாட்டுக் கூடம் இது. அன்றைய பாஸ்டனில் இதைவிடப் பெரிய கட்டடம் இல்லாததால் ஃபேனுயில் ஹால் என்ற பொதுக்கூட்ட மண்டபம் கொள்ளாத கூட்டமெல்லாம் இங்கே வந்தது, 1773 டிசம்பர் 16 அன்று பிரிட்டிஷ் அரசின் தேயிலை வரியை எதிர்த்துக் கூடிய சுமார் 5000 பேர் உட்பட. போராட்டக்காரர்கள் கப்பல்களில் இருந்த தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியது அன்று இரவுதான், அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அதற்கு அப்புறம் நடந்ததற்காகத்தான் நான் இந்த இடத்தைச் சிபாரிசு செய்கிறேன். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1775-ல், பிரிட்டிஷ் ராணுவம் உள்ளே இருந்த பெஞ்சுகளைப் பிடுங்கி விறகாக எரித்து, தரையில் மண்ணைக் கொட்டி, குதிரைப் பயிற்சிக் கூடமாக மாற்றிவிட்டது. தங்களை எதிர்த்துக் கூடிய இடம் என்ற கோபமும் அதில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். சபையார் திரும்பி வந்து வழிபட 1783 ஆகிவிட்டது. இப்போது நீங்கள் பார்க்கும் கதவு வைத்த பெட்டி பெஞ்சுகள் அசல் இல்லை என்று சிலர் குறைப்படுவார்கள், ஆனால் அசல் ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டு அங்கே உட்கார்ந்தால் இந்தக் கூடம் பட்டதெல்லாம் புரியும்.

பாஸ்டன் நகரை எரித்த 1872 பெருந்தீயில் தப்பியது, சபை காப்ளி சதுக்கத்துக்குக் குடிபோனது, இது கொஞ்ச காலம் தபால் நிலையமாக ஓடியது. 1876-ல் இடித்துப் பொருள் எடுக்க 1350 டாலருக்கு ஏலம் போய்விட்டது! மனைக்குத்தான் மதிப்பு, கட்டடத்துக்கு இல்லை. அதைத் தடுத்து மீட்டதில் பெண்களின் பங்கு பெரியது. பாஸ்டன் செல்வந்தரான மேரி ஹெமன்வே ஒருவரே 100,000 டாலர் கொடுத்தார். 1877-லிருந்து அருங்காட்சியகம். சரி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை, மக்களுக்குப் பிடிக்காத கருத்தானாலும் இங்கே பேசலாம் என்று 1929-ல் ஒரு கொள்கையே வகுத்தார்கள். எனக்கு இதுதான் மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இன்றும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன, அந்த நேரத்தில் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கலாம், போகும் முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டமில்லாத வேளையாக இருந்தால் இன்னும் நல்லது.