கடைமடைக்கு வந்த மாத்திரை

ஊருக்குப் போன மறுநாள் காலை, தூக்கம் கலைந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினார், என்னை யாரென்று கூடக் கேட்காமல் நேரே உள்ளே போய் அம்மாவின் கையில் பி.பி. கருவியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். விரலில் ஒரு குத்து, சுகர் பார்த்தாயிற்று. பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எண்ணிக் கொடுத்தார், நோட்டில் எழுதிக்கொண்டார், "ஊறுகாயைக் குறைங்கம்மா" என்று ஒரு அதட்டல், கிளம்பிவிட்டார். பத்து நிமிடம் இருக்கும். பி.பி., சுகர் இருப்பவர்களுக்கு வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் இது; செய்திகளில் படித்ததுண்டு, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். ஆனால் எங்கள் ஊர் காவிரிக் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கடைசியில்தான் இங்கே வரும், சில வருஷம் வராமலும் போகும். அப்படிப்பட்ட ஊருக்கு மாத்திரை வருகிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. வருகிறது.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருந்தது. இதன் பின்னால் இருப்பது 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு மலிவாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இறக்கி வைப்பார்கள். ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் இவ்வளவு தொகை என்று பாஸ்புக் கணக்கு உண்டு, தேவைக்கு எடுத்துக்கொண்டால் அதில் கழித்துக்கொள்வார்கள். கேரளாவும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே போல அமைத்துக்கொண்டன. நம் ஆட்கள் வெளிநாட்டில் உட்கார்ந்து ஊரைத் திட்டும்போது இதையெல்லாம் சொல்வதே இல்லை, நான் உட்பட.

சரி, இப்போது காப்பீட்டுக் கதைக்கு வருகிறேன், அங்கேதான் ஓட்டம்.

சித்தப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, ஆஞ்சியோவில் ஒரு அடைப்பு என்று சொல்லி, அடுத்த வாரம் ஸ்டென்ட் வைக்கத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, கையிலிருந்து காசே கட்ட வேண்டியதில்லை. 2009-இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012-இல் ஜெயலலிதா காலத்தில் வேறு வடிவத்துக்கு மாறி, ஆட்சி மாறினாலும் யாரும் கைவிடாத திட்டம். ஆனால் சித்தப்பாவிடம் கார்டு இல்லை. "நமக்கு எதுக்குப்பா, நல்லாத்தானே இருக்கேன்" என்று எடுக்காமலே இருந்திருக்கிறார். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதற்கு வருமானச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் சர்வர் இல்லை, மறுநாள் சர்வர் வந்தால் கையெழுத்துப் போட வேண்டியவர் முகாமுக்குப் போய்விட்டார், மூன்றாம் நாள் ஆதாரில் சித்தியின் பெயருக்கு ஒரு எழுத்து கூடுதலாம். அந்த வாரம் நானும் தம்பியும் பைக்கில் சுற்றிய தூரத்துக்கு மதுரைக்கே போய் வந்திருக்கலாம். ஒரு வழியாகச் சான்றை வாங்கிக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போனால், அங்கே வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது! அன்றைக்கே காப்பீட்டு நம்பர் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்தது மருத்துவமனை. தனியார்தான், பெயர் வேண்டாம். "கார்டுல சாதா ஸ்டென்ட்தான் வரும், நல்லதா வைக்கணும்னா 40,000 கட்டுங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். சித்தி தாலிக்கொடியைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் வெளியே வந்து திட்டத்தின் கட்டணமில்லா எண்ணான 1800 425 3993-க்குப் போன் போட்டேன். என்ன நடந்ததோ, ஒரு மணி நேரம் கழித்து அதே கவுன்டரில் "டாக்டர்கிட்ட பேசிட்டோம் சார், எதுவும் கட்ட வேணாம்" என்றார்கள். போன் போடத் தெரியாதவர்கள் கட்டிவிட்டுத்தான் போகிறார்கள் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார்.

இரவில் தூக்கம் வராமல் தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மொத்தம் 21,906 கோடி. ஏழே முக்கால் கோடிப் பேர் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு வருஷத்துக்கு 2,800 ரூபாய் சொச்சம். நான் இருக்கும் நியூ ஜெர்சியில் ஸ்பெஷலிஸ்ட் ஒருவரை ஒரு தடவை பார்க்க நான் கட்டும் 40 டாலர் இதைவிட அதிகம், அதுவும் மாதாமாதம் சம்பளத்தில் பிரீமியம் பிடித்த பிறகு. காப்பீட்டுத் திட்டத்துக்கு 1,461 கோடி. 2022 ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு அரசு கட்டும் ஆண்டு பிரீமியம் 849 ரூபாய்தான். பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் மகளிர் உரிமைத் தொகைக்கு மட்டும் 13,807 கோடி, அதாவது நல்வாழ்வுத் துறை முழுவதற்கும் ஒதுக்கியதில் பாதிக்கும் மேல். இதைப் பார்த்ததும் அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி கட்டலாமே என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அத்தையிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குப் போற ஆட்டோவுக்கு யார்கிட்ட கேக்குறது, உங்க மாமாகிட்டயா?" என்றார். மாமாவைத் தெரிந்தவன் என்பதால் பேச்சை மாற்றிவிட்டேன்.

அம்மாவுக்கு அந்த 1,000 ரூபாய் கிடையாது, அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வருவதால். அதில் எனக்குக் குறையில்லை. நான் கவனித்தது வேறு. அம்மாவுக்கு மாத்திரை தர யாரும் வருமானச் சான்று கேட்கவில்லை, சுகர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள், அதனால் அது தடங்கலில்லாமல் வருகிறது. சித்தப்பாவிடம் ஏழைதானா என்று நிரூபிக்கச் சொன்னார்கள், நெஞ்சில் அடைப்போடு ஒரு வாரம் போயிற்று. வருமானத்தைச் சரிபார்க்கவும் ஆள், கணினி, கையெழுத்து என்று அரசுக்குச் செலவு ஆகத்தானே செய்யும்.

கிளம்பும் முன் அந்த ஸ்கூட்டிப் பெண்ணை மறுபடி பார்த்தேன், தெருமுனையில் வேறொரு வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். இது அரசு வேலையா என்று கேட்டேன். இல்லையாம், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து எடுத்த தன்னார்வலர், மாதம் ஊக்கத்தொகை சில ஆயிரம், பெட்ரோல் சொந்தச் செலவு என்றார். மொத்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி அவர்தான், அவருக்கே நிரந்தரச் சம்பளம் இல்லை. இதை எழுதும்போதும் எரிச்சலாக இருக்கிறது.

அப்புறம், ஊரில் அப்பா அம்மா, சித்தப்பா சித்தி இருப்பவர்களுக்கு ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசும்போது காப்பீட்டு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். மேலே உள்ள கட்டணமில்லா எண்ணைப் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். சித்தப்பா வீட்டில் ஒட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.