பன்னிரண்டு வாரம், ஒரு மைதானம், என் சொந்த டேப்

நான் தையல்காரி. இருபத்திரண்டு வருஷமாக மிஷின் முன்னால் உட்கார்ந்தேதான் சம்பாத்தியம். ஊராருக்கெல்லாம் இடுப்பளவு எடுத்தேன், என் இடுப்பை அளக்க மட்டும் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நேரமெல்லாம் இருந்தது, மனசுதான் இல்லை. ஒருநாள் அளவு நோட்டில் எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன்: வயது 46, எடை 84 கிலோ, இடுப்பு 41 அங்குலம். அதைப் பார்த்த கையோடு, விடிகாலையில் மைதானத்தில் நடக்கும் ‘பூட்கேம்ப்’ உடற்பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டினேன். வாரம் நான்கு நாள், காலை 5.30 மணி, ஐம்பது நிமிடம், மொத்தம் பன்னிரண்டு வாரம். போன வாரம்தான் முடிந்தது. வகுப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே அச்சில் நடக்கும் வகுப்புகள் நிறைய உண்டு, சேர யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் நாளே கோச்சோடு எனக்கு உரசல், டேப்பால் வந்தது. தம்பி (கோச்சை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) அளவெடுத்தது டி-சர்ட்டுக்கு மேலே, தொப்புளுக்குக் கீழே, இரண்டு விரல் தாராளமாக நுழையும் தளர்வில். 43 என்று எழுதிக்கொண்டார். இதையே கடைசி நாளில் டேப்பை இழுத்துப் பிடித்து, வயிற்றை எக்கச் சொல்லி எடுத்தால் எத்தனை அங்குலம் ‘குறையும்’ என்று ஒரு தையல்காரிக்கா தெரியாது? உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை வேறு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, டேப் தரைக்கு இணையாக, மூச்சைச் சாதாரணமாக விட்டு முடித்த நிலையில் எடுக்க வேண்டும். என் நோட்டில் இருந்த 41 அப்படி எடுத்தது. அதற்குப் பிறகு அவருடைய அட்டையை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் நடையும் மெல்லோட்டமும். பிறகு முப்பது வினாடி விரட்டி ஓட்டம், தொண்ணூறு வினாடி நடை, இப்படி எட்டுச் சுற்று. அப்புறம் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படி ஏறி இறங்குவது, மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவது. தம்பியிடம் எனக்குப் பிடித்தது, எந்தக் கருவியும் இல்லாமல் அவர் வேகத்தைச் சரிபார்க்கும் விதம். பக்கத்தில் ஓடிவந்து, “அக்கா, காலையில என்ன வேலை பாத்தீங்க, சொல்லுங்க” என்பார். முழு வாக்கியம் தடையில்லாமல் வந்தால் மிதமான வேகம். இரண்டு மூன்று வார்த்தையிலேயே மூச்சு வாங்கினால் கடும் வேகம். முதல் வாரம் நான் சொன்ன பதில் எல்லாம் “தம்பி… இருங்க…” என்பதுதான்.

பர்ப்பி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. குனிந்து, காலைப் பின்னால் எறிந்து, மறுபடி எழும் அந்தப் பயிற்சியை 1930களில் ராயல் பர்ப்பி என்ற அமெரிக்க உடலியல் நிபுணர் உருவாக்கியது உடல்தகுதியைச் சோதிக்க. நான்கே முறை செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் நாடித்துடிப்பை எண்ணுவார். எங்கள் வகுப்பில் ஐம்பது! என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றதும், பெஞ்சில் கையூன்றி ஒவ்வொரு காலாகப் பின்னால் வைக்கச் சொன்னார் தம்பி. அதில் கவுரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தை மன்னிக்க முடியவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே ‘நூறு ஸ்குவாட் சவால்’. எங்கள் குழுவில் ஒரு பெண், பல வருஷமாக உடம்பை அசைக்காதவர், எல்லாரும் கைதட்டிய உற்சாகத்தில் நூறையும் முடித்தார். மூன்றாம் நாள் தொடை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போக, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசை நார்கள் சிதைந்து, அதிலிருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். ராப்டோமயோலிசிஸ் என்று டாக்டர் பெயர் சொன்னாராம். புதுப் பயிற்சிக்குப் பிறகு ஓரிரு நாள் தசை வலிப்பது சாதாரணம். வலி பொறுக்க முடியாமல் போய், சிறுநீர் கறுத்தால் ஓய்வெடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இதை வகுப்பில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தச் சவாலும் நிற்கவில்லை.

அடுத்தது பலகை. ‘ஒரு வகுப்பில் 800 கலோரி’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஓடும் பெண்ணின் கைக்கடிகாரமும் ஏறக்குறைய அதையே காட்டும். கடிகாரத்தின் துடிப்புக் கணக்கைப் பெரும்பாலும் நம்பலாம், கலோரிக் கணக்கை நம்பக் கூடாது. 2017இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரியில் ஆகச் சிறந்ததே 27 சதவீதம் தப்பாகக் காட்டியது. நான் பழைய முறையில் கணக்குப் போட்டேன். ஓடினால் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி. ஐம்பது நிமிடத்தில் நிற்பது, தண்ணீர் குடிப்பது, அரட்டை எல்லாம் போக உண்மையாக மூச்சு வாங்குவது இருபத்தைந்து நிமிடம். தாராளமாக வைத்தாலும் என் உடம்புக்கு 400 கலோரி. 48 வகுப்பில் நான் போனது 41. மொத்தம் 16,400. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 என்றால், 2.1 கிலோ.

ஆனால் என் எடை 5.4 கிலோ குறைந்திருந்தது. மீதி எங்கே போனது?

விடை என் மிஷின் மேசையில் இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் 16 கலோரி என்றால் தினம் 160. முதல் வாரமே சர்க்கரையை நிறுத்தியதில் 84 நாளில் 1.7 கிலோ. மிச்சம் 1.6 கிலோவுக்கு, தினம் மூன்று நான்கு பிஸ்கட் குறைந்தாலே போதும். அந்த டப்பாவை நான் சபதம் எடுத்து ஒழிக்கவில்லை. பிஸ்கட் எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல், அவசரத் துணி தைக்கும்போது உள்ளே போனவை. 4.50க்கு எழ வேண்டுமே என்று ஒன்பதரைக்கே படுக்க ஆரம்பித்தேன். டப்பாவைத் தேடும் அந்த ஒன்றரை மணி நேரமே என் நாளில் இல்லாமல் போயிற்று. வகுப்பில் கொடுத்த உணவுப் பட்டியல் எல்லாருக்கும் ஒரே ஜெராக்ஸ், தினம் ஆறு வேளை சாப்பிடச் சொன்னது. அதன் பின்பக்கத்தில் காலர் வரைந்து வெட்டினேன், அந்த அளவுக்கு உபயோகம்.

தராசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் அதைப் பார்த்தே விட்டுப்போனார்கள். முதல் வாரம் எனக்கு 1.8 கிலோ குறைந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். டேப்பில் கால் அங்குலம்கூட நகரவில்லை. உடம்பில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரைந்தால் தண்ணீரும் இறங்கும், கொழுப்பு அங்கேயேதான் இருக்கும். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் நேர்மாறு. தராசு அசையவில்லை, கோச் முகம் வாடினார், டேப் அரை அங்குலம் இறங்கியிருந்தது. உடம்பு மாறுவதைத் தராசுக்கு முன்னால் துணி சொல்லிவிடும், இது என் தொழிலில் தினம் பார்ப்பது.

கடைசி நாள் அவர் அட்டையில் ஏழு அங்குலம் குறைந்ததாக எழுதிப் படம் எடுத்துக்கொண்டார். என் நோட்டில் 38½. இரண்டரை அங்குலம்.

அடுத்த பன்னிரண்டு வாரத்துக்கும் பணம் கட்டிவிட்டேன். அந்த நேரத்துக்காகவும், பேச்சுக் கொடுத்தபடி கூட ஓடிவரும் அந்தத் தம்பிக்காகவும். புதிதாக யாராவது சேர்ந்தால் சவால் நேரத்தில் நான் பக்கத்தில் நின்று, இருபதோடு உட்காரச் சொல்வதாக முடிவு. கோச்சுக்குப் பிடிக்காது, பரவாயில்லை. நேற்று என் பேன்ட்டையெல்லாம் இடுப்பில் பிடித்துத் தைத்தேன். உள்ளே மடிந்த துணியை வெட்டவில்லை. அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.