கோவிட்டுக்கு ஐவர்மெக்டினா, தடுப்பூசியா?

2021இல் மலேசியாவின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் தேநீர் ஆறினாலும் இந்த வாக்குவாதம் ஆறவில்லை.

“மாட்டுக்கும் கொடுக்கிற புழு மருந்துதானே தம்பி, மலிவு, பழகியது” என்பார் ஒரு பெரியவர். பழகியது உண்மைதான். ஐவர்மெக்டினைக் கண்டறிந்தவர்களுக்கு 2015இல் நோபெல் பரிசே கிடைத்தது, ஆனால் ஒட்டுண்ணி நோய்களுக்காக. கோவிட்டுக்கு உதவுமா என்று நம் அரசு மருத்துவமனைகளிலேயே, வேறு நோய்களும் உள்ள, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 490 பேரிடம் சோதித்தார்கள். மருந்து பெற்றவர்களில் 21.6 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 17.3 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது, பலன்தான் தென்படவில்லை.

பழைய மருந்தெல்லாம் வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பை டெக்சாமெத்தசோன் என்ற பழைய ஸ்டீராய்டு மருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் அது படுக்கையில் விழுந்த பிறகு கொடுப்பது.

தடுப்பூசி விழாமல் இருக்கப் போடுவது. அதிலும் குறை உண்டு: கைவலி, காய்ச்சல், ஒரு நாள் கூலி இழப்பு. செம்பனைக் குலை வெட்டுபவருக்கு அது சிறிய கணக்கல்ல. தொற்றையும் முழுதாகத் தடுக்கவில்லை. நோய் முற்றுவதைப் பெருமளவு தடுத்தது. எனக்கு அது போதும். அம்மாவோடு வரிசையில் நின்றேன்.